கைக்காசும் பெட்டிக்காசும்: ராமநாதபுரம் கடற்கரை டிவி கேம் ஷோவை எப்படிப் பார்க்கிறது

கையில் 12.5 லட்சம் இருக்கிறது. அடுத்த கேள்வி 25 லட்சத்துக்கு. 50-50 உதவியும் தீர்ந்து, திரையில் இரண்டு விடைகள்தான் மிச்சம். விளக்கு மங்குகிறது, நெஞ்சுத் துடிப்பு மாதிரி இசை ஏறுகிறது. போட்டியாளர் 'பி' என்று சொல்ல வாயெடுக்கிறார். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை எந்த டீக்கடையில் இது ஓடினாலும் இந்த இடத்தில் ஒரு குரல் வந்துவிடும்: "போதும்யா, வாங்கிட்டு எந்திரி."

சொல்கிறவர் விடிந்ததும் மீன்வளத் துறையின் அனுமதி டோக்கனை வாங்கிக்கொண்டு, டீசலும் ஐஸும் கடனுக்கு ஏற்றி, மீன்பாடு உண்டா இல்லையா என்று தெரியாமலே கடலுக்குப் போகிறவராக இருப்பார். கடலில் அத்தனை துணிச்சல் உள்ளவர் டிவி முன்னால் ஏன் இப்படிப் பயப்படுகிறார் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றலாம். இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வருகிறவை. அந்தக் கணக்கு புரிந்தால், இந்தக் கரையில் எதைச் சூதாட்டம் என்கிறார்கள், எதை அப்படிச் சொல்வதில்லை என்பதும் புரியும். ஏமாற்று எங்கே நுழைகிறது என்பதும் தெரியும்.

முதலில் அந்த 12.5 லட்சம். இந்த வினாடி வினா வடிவம் 1998-ல் பிரிட்டனில் தொடங்கியது. 2000 ஜூலையில் அமிதாப் பச்சனோடு இந்தியில் வந்தது. 2012-ல் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி', 2019 டிசம்பரில் பெண்களுக்காகவே ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி' என்று தமிழிலும் நிலைத்தது. இந்தியாவில் நமக்குப் பழகிப்போன 15 கேள்வி ஏணியில் 10-வது படி 3.2 லட்சம். அதற்கு மேல் 6.4, 12.5, 25, 50 லட்சம், கடைசியில் ஒரு கோடி. 10-வது படியைத் தாண்டிவிட்டால் என்ன ஆனாலும் 3.2 லட்சம் உறுதி. எனவே 11-வது கேள்வியில் இழக்க ஒன்றுமில்லை. தெரியாவிட்டாலும் ஏதாவது ஒரு விடையைச் சொல்லிவிடலாம். அந்தக் கேள்வியில் யாரும் "எந்திரி" என்று சொல்வதில்லை என்பதைக் கவனித்துப் பாருங்கள். பார்க்கிறவர்களுக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிடிபட்டிருக்கிறது.

12.5 லட்சத்தில் நிற்கும்போது கதை மாறுகிறது. தவறினால் 9.3 லட்சம் போகும், சரியானால் 12.5 லட்சம் சேரும். 100 தடவையில் 43 தடவை சரியாகச் சொல்ல முடியும் என்றாலே ஆடுவது சராசரியில் லாபம். இரண்டே விடை மிச்சம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் 50 தடவை சரியாகும். ஆகவே கணக்கு வாத்தியார் "ஆடு" என்பார். டீக்கடை "எந்திரி" என்கிறது.

டீக்கடை சொல்வதுதான் சரி என்பது எங்கள் கருத்து. காரணம் 'சராசரி' என்ற அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ராமேசுவரம் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள்தான் கடலுக்குப் போகலாம். மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மிச்சமுள்ள 304 நாளை வாரமாக்கி 3-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு அதிகபட்சம் 130 தங்கல், அதாவது 130 தடவை கடலுக்குப் போய்வருவது. புயல், வேலைநிறுத்தம், திருவிழா கழிந்தால் இன்னும் குறையும். நூறு தங்கலில் முப்பது நஷ்டமானாலும் எழுபதில் எடுத்துவிடலாம் என்று ஒரு படகு ஓடுகிறது. அங்கே சராசரி உண்மையிலேயே சோறு போடும். ஹாட் சீட்டில் உட்கார்ந்தவருக்கு ஒரே ஒரு தங்கல்தான். சராசரி என்று ஒன்று அவருக்குக் கிடையாது. ஒன்று 25, இல்லையென்றால் 3.2. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் முதல் 12 லட்சம் தீர்க்கிற பிரச்சினையை அடுத்த 12 லட்சம் தீர்க்காது. "எந்திரி" என்ற குரலுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

நிறுத்திக்கொள்வதை இந்தக் கரையில் கோழைத்தனமாக நினைப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டு 1-லிருந்து 11 வரை எண் உள்ளது. 1 என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு. 3 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று ஆபத்து. எச்சரிக்கை வந்தால் டோக்கன் நின்றுவிடும், படகும் நிற்கும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனதைக் கேட்டு வளர்ந்த வீடுகளில், ஆபத்துக்கு எண் உண்டு, அந்த எண்ணைப் பார்த்துத் திரும்பி வருவதும் தொழிலில் சேர்த்தி என்று சின்ன வயதிலேயே பழகிவிடுகிறது.

இனி பெட்டி. 26 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொகை, திறக்கத் திறக்க 'பேங்கர்' ஒரு விலை சொல்லி வாங்கிக்கொள்ளப் பார்ப்பார். நெதர்லாந்தில் பிறந்த இந்த வடிவம் தமிழில் சன் டிவியில் 'டீலா நோ டீலா' என்று வந்தது. இதில் கேள்வி இல்லை, படிப்பு இல்லை, முழுக்க அதிர்ஷ்டம். வினாடி வினாவை "பிள்ளைங்க பார்க்கட்டும், அறிவு வளரும்" என்று விடுகிற வீடுகள் இதில் மட்டும் கொஞ்சம் நெளிந்ததற்குக் காரணம் அதுதான்.

பேங்கர் எப்படி விலை சொல்கிறார் என்று பார்க்கலாம். நான்கு பெட்டி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம்: 100 ரூபாய், 10,000, 1 லட்சம், 20 லட்சம். கூட்டினால் 21,10,100, நான்கால் வகுத்தால் 5,27,525. பேங்கர் இதற்குக் கீழே, 4 லட்சம் என்பது போல ஒரு விலை சொல்வார். தொடக்கச் சுற்றுகளில் விலை சராசரியில் சிறு பங்குதான் இருக்கும், போகப்போக சராசரியை நெருங்கும். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இப்போது போட்டியாளர் மறுத்துவிட்டு ஒரு பெட்டியைத் திறக்கிறார். நான்கில் ஒரு வாய்ப்பு, அது 20 லட்சமாக இருக்கும். இருந்தால் மிச்ச மூன்றின் சராசரி 36,700. 4 லட்சம் பேசின இடத்தில் அடுத்த விலை 30,000 சுற்றி வந்து நிற்கும். அந்த நிமிஷம் போட்டியாளரின் வீட்டார் பக்கம் கேமரா போகும். இந்த நிகழ்ச்சியின் உயிரே அந்த முகங்கள்தான்.

மூடிய பெட்டிக்கு விலை பேசுவது மன்னார் வளைகுடாவுக்குப் புதிது இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறந்து பார்த்து யாரும் வாங்கவில்லை. ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று மூடியபடியே ஏலம் போனது. முன்னதாக மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்துத் திறந்து, முத்தை மதிப்பிட்டு, குளிப்பு கட்டுப்படியாகுமா என்று அரசு பார்த்துக்கொள்ளும். இலங்கைக் கரைக் குளிப்புகளுக்குக் கீழக்கரையிலிருந்தும் தொண்டியிலிருந்தும் ஆட்கள் போனார்கள். அங்கே குளித்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி, அரசுக்கு இரண்டு பங்கு. குளித்தவர்களில் பலர் தங்கள் பங்கைத் திறந்துகூடப் பார்க்காமல் அங்கேயே சில்லறையாக விற்றுக் காசாக்கிக்கொண்டார்கள். வியாபாரி ஆயிரக்கணக்கில் வாங்கினார். ஒரு சிப்பியில் ஒன்றுமில்லாவிட்டால் இன்னொன்றில் இருக்கும்; மாதிரி சொன்ன சராசரி அவருக்குப் பொருந்தும். கையில் பத்தே சிப்பி வைத்திருப்பவருக்குப் பொருந்தாது, பத்திலும் ஒன்றுமில்லாமல் போகலாம். தூத்துக்குடிப் பக்கத்தில் கடைசிப் பெரிய குளிப்புகள் 1961-ஓடு முடிந்தன. டிவியில் பேங்கர் உட்காரும் இடம் அந்த வியாபாரியுடையது. வாரத்துக்கு வாரம் ஆள் மாறும், அவருக்குச் சராசரி கிடைத்துவிடும். போட்டியாளர் பத்துச் சிப்பிக்காரர்.

இந்தப் பெட்டி ஆட்டத்தை ஆய்வாளர்கள் விடவில்லை. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் வேறு மூவரும் நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கப் பதிப்புகளில் ஆடிய 151 பேரின் முடிவுகளைப் பார்த்து 2008-ல் கட்டுரை எழுதினார்கள். பெரிய தொகைகளைத் திறந்து இழந்துவிட்டவர்கள், அதற்குப் பிறகு வருகிற நியாயமான விலையையும் மறுத்து மேலும் ஆடப் போனார்கள். போனதை எடுக்காமல் விடுவதில்லை என்ற மனம் அது. எதிர்பார்த்ததைவிட நல்ல நிலைமைக்கு வந்தவர்களும் கூடுதலாகத் துணிந்தார்கள். சும்மா வந்த காசு என்ற நினைப்பு. நடுவில் இருந்தவர்கள்தான் நிதானமாக இருந்தார்கள்.

முதல் மனத்தைக் கடற்கரைக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு இழுப்பிலும் பாடில்லை, டீசல் காசாவது எடுக்க வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளிப்போய் மூன்றாவது இழுப்புக்கு வலை விடுகிறபோதுதான் எல்லைக்கோடு நெருங்குகிறது, படகே பறிபோகும் ஆபத்து வருகிறது. போன டீசல் போனதுதான்; மூன்றாவது இழுப்பை அதன் சொந்த லாப நஷ்டத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்வது சுலபம். கரையில் படகுக்காரருக்கும் ஆட்களுக்கும் செலவு கழித்துப் பங்கு பிரிக்க வேண்டியிருக்கும்போது செய்வது சுலபமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், டிவியில் நடப்பதைச் சூதாட்டம் என்று இங்கே பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை. கைக்காசு போகவில்லை என்பதே காரணம். எவ்வளவு மோசமாக ஆடினாலும் போட்டியாளர் வந்த கையோடு திரும்புவார், வீட்டு நகை போகாது. குலுக்கல் சீட்டையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். அதில் பெயர் எழுதிக் குலுக்குவது அதிர்ஷ்டம்தான், ஆனால் போட்ட பணம் முன்னாலோ பின்னாலோ எல்லாருக்கும் வந்துவிடும். லாட்டரியில் அப்படி வராது. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டபோது கடைகள் மறைந்தன. அந்த லாட்டரிச் சீட்டுகளுக்குக் கூலிப் பணம் போய்க்கொண்டிருந்த வீடுகளில் அது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்பதைப் பெண்கள் இன்றும் சொல்வார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி முஸ்லிம் வீடுகளில் சூது விலக்கப்பட்டது. ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு பணயம் வைத்து, ஒருவர் இழந்ததை இன்னொருவர் எடுப்பதுதான் அதன் மையம். பரிசை மூன்றாமவர் கொடுத்தால் அது வேறு என்று பேச இடமிருக்கிறது. வள்ளுவர் சூதுக்குச் சொன்ன உவமையும் தூண்டில் இரையை விழுங்கிய மீன். தூண்டில் போடுகிறவர்களுக்கு அந்தக் குறளில் இன்னொன்றும் தெரியும்: இரைக்கான செலவு மீனுடையது இல்லை.

சட்டம் வேறு கோடு போட்டது. ரம்மி திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-ல் சொன்னது. குதிரைப் பந்தயத்தை 1996-ல் அதே பக்கம் சேர்த்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. யார் காசு என்பது கடற்கரையின் கேள்வி. குடும்பத்தைக் காப்பாற்றுவதற்கு இந்த இரண்டாவது கேள்விதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறோம்.

அந்தக் கேள்வியைப் பார்வையாளர் தன்னிடமே கேட்டுக்கொள்ள மறக்கிற இடம் ஒன்று உண்டு. போட்டியாளருக்குக் கைக்காசு போகாது, சரி. பரிசுப் பணம் எங்கிருந்து வருகிறது? விளம்பரத்திலிருந்து என்பது பாதி பதில். பிரிட்டனில் பங்கேற்க விரும்பி அழைத்தவர்களிடம் கூடுதல் கட்டணத் தொலைபேசியில் வாங்கிய காசுதான் பரிசில் பெரும்பங்காக இருந்தது. இந்தியாவில் 2007-ல் இந்தி நிகழ்ச்சியோடு, வீட்டிலிருந்தே ஆடலாம் என்று ஒரு குறுஞ்செய்திப் போட்டி நடந்தது: ஒரு சுலபமான கேள்வி, நான்கு விடை, ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு, சரியாகச் சொன்னவர்களில் குலுக்கலில் ஒருவருக்கு 2 லட்சம். இது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் ஒரு கோடி ரூபாய் தண்டத் தொகை விதித்தது. போதிய ஆதாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் அதை நீக்கியது. வழக்கு எப்படி முடிந்திருந்தாலும் ஒரு விஷயம் தெளிவு: அந்த 2.40 பார்வையாளரின் கைக்காசு. சாதாரணக் குறுஞ்செய்திக் கட்டணத்துக்கு மேலே எவ்வளவு கேட்டாலும் அந்த மிச்சம் பணயம்தான். வீட்டில் பிள்ளைகள் பத்துத் தடவை அனுப்பினால் 24 ரூபாய். அதை யாரும் சூது என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

வென்ற தொகையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் டீக்கடைக் கணக்கு இதில் அடிக்கடி தவறுகிறது. கேம் ஷோ பரிசுக்கு 30 சதவீத வருமான வரி, அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரி. வேறு வருமானமே இல்லாதவருக்கும் இதில் விலக்கு வரம்பு கிடையாது, செலவு கழிக்கவும் முடியாது. 10 லட்சம் வென்றால் 3,12,000 வரி, கையில் 6,88,000. ஒரு கோடி என்றால் 50 லட்சத்தைத் தாண்டியதால் வரியின் மேல் 10 சதவீத மிகைவரியும் சேரும். மொத்தம் 34,32,000 போய் 65,68,000 நிற்கும். பணத்தைக் கொடுக்கும்போதே வரியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள், மிச்சத்தைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்ட வேண்டும். ஊரில் "கோடி ஜெயிச்சவன்" என்று கடன் கேட்டு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை.

இதுவரை சொன்னதில் பெரிய கேடு எதுவும் இல்லை. இந்த நிகழ்ச்சிகள் பழக்கிய மனத்தைக் கைபேசிக்குக் கொண்டுபோன இடத்தில்தான் கேடு. டிவியில் பார்த்தவர் என்ன கற்றுக்கொண்டார்? துணிந்தவனுக்குக் கைதட்டல், தோற்றாலும் வீட்டுக்குப் போகலாம், ஆட்டத்துக்கு முடிவு உண்டு. ரம்மி செயலியில் இந்த மூன்றும் இல்லை. 15-வது கேள்வி என்று ஒன்று வராது, மேசை முடிந்தால் அடுத்த மேசை. பெட்டி ஆட்டத்தில் தோற்றவர் கடைசிச் சுற்றோடு எழுந்துவிட வேண்டும். செயலியில் தோற்றவர் போனதை எடுக்க நள்ளிரவில் மறுபடி பணம் ஏற்றுவார். எல்லாரும் சம திறமை என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் 10 சதவீதம் நிறுவனம் எடுத்தால், ஒரே பணம் பத்து ஆட்டம் சுற்றுவதற்குள் 100 ரூபாயில் 35 ரூபாய்தான் ஆடுகிறவர்களிடம் மிஞ்சும். திறமை ஆட்டம் என்று நீதிமன்றம் சொன்னது இந்தக் கழிவை மாற்றாது.

இந்தச் செயலிகளின் விளம்பரங்கள் பல ஆண்டுகள் டிவி இடைவேளைகளிலேயே ஓடின. 2020 டிசம்பரிலிருந்து, நிதி இழப்பு அபாயம் உண்டு, அடிமையாக்கக்கூடும் என்ற எச்சரிக்கை விளம்பரப் பரப்பில் குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் விதித்தது. அந்த வாசகத்தை அதிவேகத்தில் படித்துவிட்டுப் போவதை எல்லாரும் கேட்டிருப்போம். பணத்தை இழந்தவர்களின் உயிர்கள் போன பிறகு, நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையை அடுத்து தமிழ்நாடு இணையச் சூதாட்டத்தைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்ததை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. கைக்காசு என்ற கோட்டுக்கு ஒருவழியாகச் சட்டமும் வந்து சேர்ந்தது. ஆனால் வெளிநாட்டுத் தளங்களின் இணைப்புகள் நண்பர் குழுக்களில் வருவதைச் சட்டம் மட்டும் நிறுத்திவிடாது.

ராமநாதபுரம் கரையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய காலத்தை நாள் குறித்தே சொல்லலாம். தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்குகிறது. ஐபிஎல் போட்டிகள் வழக்கமாக மார்ச் கடைசியில் தொடங்கி மே முடிய ஓடும். விசைப்படகில் போகிறவருக்கு வேலை இல்லை, இரவு முழுக்கக் கிரிக்கெட், கையில் கைபேசி. அதே நாட்களில்தான் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, இன்ஜின் பிரிப்பது, வலை கோப்பது எல்லாம் நடக்கும். அதற்காக நகையை அடகு வைத்தும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியும் திரட்டிய பெரிய தொகை, ஆண்டில் வேறெப்போதும் இல்லாத அளவுக்கு, கணக்கில் கிடக்கும். படகுக்காரரின் கைபேசியில் யுபிஐ இணைந்த அதே கணக்கு அது.

அனுபவசாலிகள் அந்தப் பணத்தை வந்த அன்றே மரக்கடைக்கும் பெயிண்ட் கடைக்கும் முன்பணமாகக் கட்டிவிடுகிறார்கள், அல்லது யுபிஐ இணைக்காத மனைவியின் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அவரிடம் கேட்டு, காரணம் சொல்லி, வங்கிக்கு நடந்துபோய் எடுக்க ஒரு பகல் ஆகும். "எந்திரி" என்று சொல்ல வீட்டில் ஒருவருக்கு அவ்வளவு நேரம் போதும்.